பழனி பெண்டாட்டியின் பட்டு

எங்கள் ஊரில் யாருக்கு என்ன மரியாதை செய்வதென்றாலும் ஒரே வழிதான். பட்டு. வாத்தியார் ஓய்வு பெற்றால் அவர் மனைவிக்குப் பட்டு. மந்திரி வந்தால் மந்திரி வீட்டம்மாவுக்குப் பட்டு. காமாட்சிக்கும் பட்டு, வரதராஜப் பெருமாளுக்கும் பட்டு. இதற்கு யோசனை என்று ஒன்று தேவையில்லை, கை தானாகப் போய்ப் புடவையை எடுத்துவிடும். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தது. எங்கள் தெருவிலிருந்து போன ஒரே பட்டாளத்துக்காரன் அதில் செத்தான். அவனுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கூடினார்கள். அவன் பெண்டாட்டிக்கு ஒரு பட்டுப் புடவை கொடுப்பதென்று கண்ணை மூடிக்கொண்டு தீர்மானம் போட்டார்கள். தாலி அறுத்தவளுக்கா பட்டு என்று அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மண்டைக்குள் என்னதான் வைத்திருந்தார்களோ.

அந்தப் பெண்டாட்டியின் பெயர் அம்சா. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அந்தப் புடவையை நெய்தவர் என் வீட்டுக்காரர் ராமலிங்கம். வேறு நிறக் கரையைப் புடவை உடலோடு கோக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கு நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளியவள் நான், கமலவேணி. ஆகவே இந்த விஷயத்தை வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

பழனி பட்டாளத்துக்குப் போனது தேசபக்தியால் என்று பிற்பாடு மேடையில் பேசினார்கள். தேசபக்தியாவது ஒன்றாவது. அவனுக்குக் கால் நீளம். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் முட்டி கட்டையில் இடிக்கும். மிதியில் கால் வைத்தால் நீளவாட்டுப் பாவு நூல் அறுந்து தொங்கும். அவன் அறுத்ததை முடிந்து முடிந்தே அவன் அம்மா லோகாம்பாளின் கண் மங்கிப் போயிற்று. வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். மாரை அளந்து, உயரத்தை அளந்து, அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். லீவில் வந்தபோது கேட்டேன், "எப்படிப்பா இருக்குது பட்டாளம்?" என்று. "கால நீட்டிக்கினு தூங்கறேன்க்கா, அது போதும்" என்றான். அவ்வளவுதான் அவன் தேசபக்தி. நல்ல பிள்ளை, பொய் சொல்ல மாட்டான்.

அவனுக்கு அம்சாவைக் கட்டிவைத்தபோது அவள் உடுத்தியிருந்த பட்டு என்னுடையது. இரவல். ஊர் உலகத்துக்கெல்லாம் பட்டு நெய்கிற தெருவில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஒரு பட்டு கிடையாது. தறியிலிருந்து அறுத்ததும் முதலாளி கடைக்குப் போய்விடும். மறுநாள் புடவையை மடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள் அம்சா. "எனக்கும் ஒருநாளு சொந்தமா ஒண்ணு வரும்க்கா. அன்னிக்கு நீ வந்து இரவல் கேளு, நான் தரவே மாட்டேன்" என்றாள். கல்யாணமாகி ஒரு நாள் ஆன பெண் பேசுகிற பேச்சா அது? அந்த வாய் அவளுக்கு. ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டே, அதாவது நாடாவுக்குள் வைக்கிற குழலில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டே, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவாள். என்னைப் போலவும் பேசிக் காட்டியிருக்கிறாள் என்று கேள்வி. என் முன்னால் ஒரு நாளும் செய்ததில்லை.

டிசம்பரில் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். லோகாம்பாள் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். தன் வெள்ளைப் புடவைகளில் ஒன்றை எடுத்து மருமகளுக்குக் கட்டிவிட்டாள். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். தனக்கு என்ன செய்தார்களோ அதையே இவளுக்கும் செய்தாள், வேறொன்று இருப்பதாக அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் அடுத்த வீட்டில் பேச்சே கேட்கவில்லை. ராட்டினச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். தேசத்துக்காக ஒருத்தன் போய்ச் செத்தான் என்றால் இந்தப் பெண்ணின் வாயையும் சேர்த்தா கொண்டுபோக வேண்டும் என்று சாமியிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் சுதந்திர வெள்ளி விழா. தெருவில் குழு அமைத்தார்கள். தலைவர் பட்டுக்கடை முதலாளி பூவராகவன். மனிதர் தங்கம், ஆனால் பயந்தாங்கொள்ளி. தும்மினால்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் தும்முவார். செயலாளர் வீரபத்திரன் வாத்தியார். வாத்தியாருக்கு மேடை என்றால் உயிர். ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிற சொற்களாக அடுக்கி அடுக்கி அவர் பேசுவதைக் கேட்டால் சாப்பாடு இறங்காது, கேட்காமலும் இருக்க முடியாது. வாசகசாலை மைதானத்தில் பழனிக்கு நினைவுத் தூண் கட்ட அடிக்கல் நாட்டுவது, சென்னையிலிருந்து பட்டாளத்து அதிகாரி ஒருவரை வரவழைப்பது, வீரனின் மனைவிக்குப் பட்டுப் புடவை வழங்குவது. இதுதான் அவர்கள் போட்ட திட்டம்.

பூவராகவன் எங்களிடம் வந்து விழாவுக்கு ஒரு புடவை வேண்டும் என்றார். யாருக்கென்று சொல்லவில்லை. அதிகாரியின் மனைவிக்குத்தான் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். "முகூர்த்தத்துக்கு நெய்யற மாதிரி நல்லதா இருக்கணும் ராமலிங்கம். கலர் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கையில் இருக்கிற வேலை வாயில் கிடையாது. கலரைப் பற்றி இரண்டு நாள் தாடியைச் சொறிந்தார். தார் கொண்டுவந்த அம்சா நின்று பார்த்தாள்.

"இன்னாண்ணா யோசனை?"

"விழாப் புடவைம்மா. இன்னா கலரு போடறதுன்னு தெரியல."

"மாம்பழ மஞ்சள் போடுங்க. அரக்குக் கரை. முந்தியில ஜரிகை கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

அவர் வாய் மூடுவதற்குள் பதில் சொல்லிவிட்டாள். ஏழெட்டு மாதத்தில் அவள் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன். சந்தோஷத்தில் நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை. அந்தப் புடவைக்குக் குறுக்கே ஓடுகிற ஊடைப் பட்டு முழுவதையும் அவளே சுற்றினாள். ஒரு குழலில்கூட முடிச்சு இல்லை. என் வீட்டுக்காரரே ஆச்சரியப்பட்டுப் போனார். அவர் எதற்கும் ஆச்சரியப்படுகிற ஆளில்லை.

புடவை முடிந்து கடைக்குப் போயிற்று. பூவராகவன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையாக மனைவி பட்டம்மாளிடம் விரித்துக் காட்டியிருக்கிறார். அவள் முந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அதிகாரி சம்சாரத்துக்கா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை, பழனி மனைவிக்கு என்றிருக்கிறார். "ஏங்க, தாலி அறுத்தவளுக்கா இதைக் குடுக்கப் போறீங்க?" என்று அவள் கேட்டதும், நின்றிருந்தவர் அப்படியே புடவையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். பட்டம்மாளே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

விழாவுக்கு இன்னும் சில நாட்கள்தான். குழு முழுவதும் எங்கள் வீட்டில் வந்து இறங்கியது, ஏதோ என் வீட்டுக்காரர்தான் சண்டையையும் ஆரம்பித்தார் என்பது போல. வெள்ளைப் பட்டு நெய்ய நேரமில்லை. இதையே சாயத்தொட்டியில் முக்கிக் கறுப்பாக்கிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நெய்த புடவையைச் சாயத்தில் முக்குவதா என்று என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். பழனியின் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். அந்த அம்மாளும் வெள்ளைதானய்யா கட்டுகிறாள் என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். சால்வை போர்த்திவிடலாமா என்றால், அழைப்பிதழில் பட்டுப் புடவை என்று அச்சடித்தாயிற்று, அதிகாரிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசியில் வாத்தியார்தான் வழி கண்டுபிடித்தார். "பொட்டியில வச்சு மூடிக் குடுத்துடுவோம். மேடையில யாரும் தெறக்கக் கூடாது. வூட்டுக்குப் போய் டிரங்குப் பொட்டியில வச்சுக்கட்டும். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, முறைக்கு முறையும் ஆச்சு."

எல்லாரும் நிம்மதியாகக் காபி குடித்தார்கள். என் வீட்டுக் காபி.

அவர்கள் போனதும் நேரே அடுத்த வீட்டுக்குப் போனேன். லோகாம்பாள் கிணற்றடியில் இருந்தாள். அம்சா ராட்டினத்தில் இருந்தாள்.

"ஏண்டி, உனக்குத்தான் அந்தப் புடவைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. வாத்தியார் வந்து சொன்னாரு. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்துச்சு."

"அப்ப ஏண்டி கம்முனு இருந்த?"

"சொல்லியிருந்தா வெள்ளை நெய்யச் சொல்லியிருப்பாங்க." ராட்டினத்தை நிறுத்தாமல் சொன்னாள். "வெள்ளைக்கு அரக்குக் கரை எடுக்காதுக்கா."

அடிப்பாவி. ஊமை போல உட்கார்ந்துகொண்டு ஊரையே ராட்டினத்தில் சுற்றியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெட்டியில் மூடித் தரப்போகிறார்கள் என்று சொன்னேன். ராட்டினத்தை நிறுத்தினாள்.

"பதக்கம் குடுத்தாங்களே பட்டாளத்துல, அதையும் பொட்டியிலதான் வச்சு அனுப்பிச்சாங்க. அவருக்குக் குத்திக்க மாரு இல்ல, சரி. எனக்குக் கட்டிக்க இடுப்பு இருக்குதேக்கா."

விஷயம் லோகாம்பாள் காதுக்கும் போயிற்று. அவள் சத்தம் போடவில்லை. "மேடையில வாங்கிக்கோ. வாங்கினு நேரா காமாட்சி கோயிலுக்குப் போயி அம்மனுக்குச் சாத்திடலாம். இந்த வூட்டுல அந்தக் கலரு வேணாம்" என்று முடித்துவிட்டாள். அம்மனுக்கு என்று சொல்லிவிட்டால் யார் என்ன எதிர்த்துப் பேச முடியும்? அம்சாவும் தலையை ஆட்டினாள். ஆனால் அன்று சாயங்காலம் என்னிடம், "அம்மனுக்கு நூறு பொடவை இருக்கும்க்கா. ஒண்ணே ஒண்ணு எனக்கு விட்டா கோச்சிக்குமா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

விழாவன்று காலை மைதானம் நிறைந்திருந்தது. மேடையில் மாலை போட்ட பழனியின் படம். பக்கத்தில் அதிகாரி, அவர் மனைவி, பூவராகவன், வாத்தியார். அதிகாரி வடக்கத்திக்காரர், இரண்டு பேருக்கும் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. லோகாம்பாளும் அம்சாவும் வெள்ளையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அடிக்கல்லில் அதிகாரி கரண்டியால் கொஞ்சம் சுண்ணாம்பு வைத்தார். பிறகு வாத்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பழனி இறந்தான் என்பது பச்சைப் பொய். பாருக்குள்ளே எவனும் அதை நம்ப வேண்டாம். வீரனுக்கு மரணம் இல்லை. வெஞ்சமரில் வீழ்ந்தவன் வீழ்ந்தவனும் இல்லை. அவன் இதோ, இந்த மண்ணில் இருக்கிறான். இந்த மைதானத்தில் இருக்கிறான். பழனி சாகவில்லை, சாகவில்லை, சாகவே இல்லை."

கூட்டம் கையைத் தட்டித் தீர்த்தது. பூவராகவன் எழுந்து நின்று தட்டினார். நானும் தட்டினேன், என்ன செய்வது, அந்த மனுஷன் குரல் அப்படி.

அம்சாவைக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் மனைவி பெட்டியைக் கொடுத்தாள். அம்சா கும்பிட்டு வாங்கினாள். இறங்கிப் போவாள் என்று வாத்தியார் வழி விட்டார். அவள் போகவில்லை. பெட்டியைத் திறந்தாள். புடவையை எடுத்து உதறி, முந்தியைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வெள்ளையின் மேல் மாம்பழ மஞ்சள் பளீரென்று விழுந்தது. அதிகாரியின் மனைவி மட்டும், பாவம், ஒன்றும் தெரியாமல் கையைத் தட்டினாள்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் அம்சா. ஒலிபெருக்கி அவள் பக்கம்தான் இருந்தது. "எங்க வூட்டுக்காரரு செத்துட்டாரா, இல்லியா?"

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அம்மா, அது வந்து, வீரனுக்கு ஏதும்மா மரணம்."

"அப்ப சாவல. சரிங்க. மொதலாளி, நீங்க சொல்லுங்க. செத்துட்டாரா?"

பூவராகவன் அதிகாரியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "சாவலம்மா" என்றார் மெதுவாக.

"ஊரே கை தட்டிச்சு, நான் பார்த்தேன். சாவாத புருஷனுக்கு நான் இன்னாத்துக்குங்க வெள்ளை கட்டிக்கினு இருக்கணும்? இந்தப் பொடவையை நான் கட்டிக்கப் போறேன். இல்ல, அவரு செத்துட்டாருன்னா இப்பவே மைக்குல சொல்லிடுங்க. மடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்."

யார் சொல்வார்கள்? தலைக்கு மேல் தேசியக் கொடி, பக்கத்தில் சீருடையில் அதிகாரி. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் அவர் காதில் ஆங்கிலத்தில் என்னவோ முணுமுணுத்தார். நன்றி சொல்கிறாள், கணவனை மறக்க மாட்டேன் என்கிறாள் என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி விறைப்பாக எழுந்து, குதிகாலைச் சேர்த்து, அம்சாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"பட்டாளமே ஒத்துக்கிச்சு" என்று கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு தார் சுற்றுகிறவள் சொன்னாள். பொம்பளைகள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் கைத்தட்டல். வாத்தியாருக்கு விழுந்ததைவிட அதிகம் என்று நான் சொன்னால் அவர் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்.

முன் வரிசையில் லோகாம்பாள் கையைத் தட்டவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தாள். அம்சா பின்னாலேயே போனாள். இன்றைக்கு ரத்தக்களறிதான் என்று நானும் ஓடினேன். கோயில் இருக்கிற பக்கம் யாரும் திரும்பவில்லை.

வீட்டுக்குள் போனதும் லோகாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரு முன்னாடி எம் புள்ள சாவலன்னு சொல்ல வச்சிட்ட. பத்து மாசம் சுமந்தவ நானு. அவங்க சொல்லச் சொல்ல எனக்கு இன்னா ஆச்சு தெரியுமா? வாசல்ல வந்து நிப்பான் போல இருந்துச்சுடி."

அம்சா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் இருந்த தைரியமெல்லாம் எங்கேயோ போயிற்று.

"அத்தை, அவரு செத்துட்டாரு. எனக்குத் தெரியாதா? மேடையில நிக்கறவங்களுக்குத்தான் அவரு சாவல. நமக்கு செத்துட்டாரு. தெனமும் செத்துக்கினுதான் இருக்காரு."

தந்தி வந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார்கள். நானும் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்ததும் லோகாம்பாள் மருமகள் தோளில் கிடந்த முந்தியை இழுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். நெய்கிற வீட்டில் பிறந்தவள் அல்லவா, கை சும்மா இருக்காது. கரை கோத்த இடத்தை நகத்தால் நிரடினாள்.

"நல்லா விழுந்திருக்குது. கட்டிக்கினு வா பார்க்கலாம்" என்றாள்.

கட்டிக்கொண்டு வந்தாள். நான் இரவல் கேட்டேன். தரமாட்டேன் என்றாள்.

தெரு சும்மா இருந்ததா என்றால், இல்லை. குழாயடியில் பேசினார்கள். யாராவது முகத்துக்கு நேரே கேட்டால், "வாத்தியாரைப் போயி கேளுங்க" என்று அனுப்பிவிடுவாள். நாலைந்து பேர் போய்க் கேட்டதில் வாத்தியார் கொஞ்ச நாள் வேறு தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போனார்.

நினைவுத் தூணின் கதை வேறு. அடிக்கல்லோடு சரி. மறு வருஷம் விழாவுக்கு மாலை வந்தது. அதற்கு மறு வருஷம் மாலைக்குப் பதில் பூ வந்தது. அப்புறம் பழனியின் படத்தை வாசகசாலை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். கல்லில் யாரோ ஆடு கட்டினார்கள். பூவராகவன் செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். சண்டை நடந்ததே ஊருக்கு மறந்து போயிற்று.

அம்சா மட்டும் ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதியும் காலையில் தலைக்குக் குளித்து அந்த மாம்பழ மஞ்சளைக் கட்டிக்கொள்வாள். லோகாம்பாள் கொசுவம் எடுத்துவிடுவாள். இரண்டு பேரும் மைதானத்துக்குப் போவார்கள். அம்சா ஆட்டை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிவிட்டு, கல்லைக் கழுவி, அதன் பக்கத்தில் நின்றுகொள்வாள். கொடி ஏற்ற வருகிறவர்களுக்கு இத்தனை பளிச்சென்று நிற்கிற ஒருத்தியைப் பார்க்காமல் போக முடியாது. பார்த்தால் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் யாரையாவது பூக்கடைக்கு ஓடவிட வேண்டும். வாத்தியார் அவளைத் தூரத்தில் கண்டாலே சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்துவிடுவார்.

எழுபத்தேழில் என்று நினைக்கிறேன், புதிதாக வந்த தாசில்தார் கொடி ஏற்ற வந்தார். சின்ன வயது. பட்டு கட்டிக்கொண்டு கல்லோரம் நிற்கிறவளைப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து வழி தவறி வந்தவளோ என்று நினைத்திருப்பார்.

"யாரும்மா நீங்க?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். அம்சா குனிந்து கல்லில் இருந்த பெயரைக் காட்டினாள். அவர் கிட்டே வந்து படித்தார். வீரர் பழனி நினைவுத் தூண் என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கல்லுக்கு மேலே ஒன்றும் இல்லை.

"தூண் எங்கம்மா?" என்றார்.

"தோ, நின்னுக்கினு இருக்கேனே" என்றாள் அம்சா.